மாத்திரைச் சீட்டோடு நின்றுபோகும் வைத்தியம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஓசிடி என்று மருத்துவர்கள் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் முழு வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். இப்போது எங்களைப் போன்ற ஊர்களில் கிடைப்பது பாதி வைத்தியம். மாத்திரை தருகிறார்கள். மாத்திரைக்கு நிகராக வேலை செய்கிற, பலருக்கு அதோடு சேர்த்துத் தந்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிற பயத்தை எதிர்கொள்ளப் பழக்கும் நடத்தைப் பயிற்சி இல்லை. அதைக் கொடுக்கப் போதுமான உளவியலாளர்கள் இல்லை என்பது எனக்கும் தெரியும். மனநலச் செவிலியர்களைப் பழக்கி அவர்கள் கையில் இந்தப் பயிற்சியைக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நான் தென்காசி மாவட்டத்துக்காரி, அரசுப் பள்ளி ஆசிரியை. என் தம்பிக்கு இந்த நோய். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவன் வாசித்துப் பார்த்துச் சில இடங்களைத் திருத்தியும் கொடுத்தான்.

துறையில் இருப்பவர்களுக்கு இந்த நோயைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள். ‘ரொம்ப சுத்தம் பார்க்கிற குணம்’ என்று இதைச் சிரித்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். வேண்டாத ஓர் எண்ணம் மனதில் நுழைகிறது. கையில் கிருமி ஒட்டியிருக்குமோ, கேஸைத் திறந்தபடியே விட்டு வந்தோமோ, வண்டியில் வரும்போது யாரையாவது இடித்துவிட்டோமோ. அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஒரு காரியம் செய்யவேண்டியிருக்கிறது. கழுவுவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, எண்ணுவது, யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்வது. செய்ததும் சற்று நேரம் ஆசுவாசம். பிறகு அதே எண்ணம் முன்னைவிட வலுவாக வந்து நிற்கும். சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போல, அந்தக் காரியத்தைச் செய்யச் செய்ய நோய் வளர்கிறது. தான் செய்வது அர்த்தமில்லாதது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாது. அவர்களை நொறுக்குவது அதுதான்.

கை கழுவுகிறவர்கள் மட்டும்தான் ஊர்க் கண்ணில் படுகிறார்கள். கருவறை முன்னால் கைகூப்பி நிற்கும்போது அம்மனைப் பற்றி ஆபாசமான வார்த்தை மனதில் வந்துவிட்டதே என்று, அதற்குப் பிராயச்சித்தமாக மனதுக்குள்ளேயே நூற்றியெட்டு முறை நாமம் சொல்லி, நடுவில் ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவரை யார் பார்க்கிறார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் பக்திமான். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கேள்வித்தாளின் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பான். எழுதியதை அடித்து எழுதி, அடித்து எழுதித் தாளே கிழிந்துவிடும். மந்தமான பையன் என்று பெயர் வாங்கினான். இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், அதாவது பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கிற காலத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால்தான் ஆசிரியையாகவும் இதை எழுதுகிறேன்.

வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நோய் வருகிறவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேர் என்று உலகளவிலான ஆய்வுகள் சொல்கின்றன. அதில் பாதி என்றே வைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7.2 கோடி பேர் இருந்த நம் மாநிலத்தில் அது ஏழு லட்சம் பேர்.

இந்த எண்ணங்கள் எதுவும் பைத்தியத்தின் அடையாளம் அல்ல, உள்ளே ஒளிந்திருக்கும் கெட்ட குணத்தின் அடையாளமும் அல்ல. 1978இல் லண்டனில் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்த உளவியலாளரான பத்மல் டி சில்வாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களைக் கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கும் இதே மாதிரியான எண்ணங்கள் வந்துபோவதாகச் சொன்னார்கள். கத்தியைப் பார்த்ததும் யாரையாவது குத்திவிடுவோமோ என்பது, மாடியில் நிற்கும்போது குதித்துவிடுவோமோ என்பது, கும்பிடும் இடத்தில் வரக்கூடாத நினைப்பு எல்லாமே. மற்றவர்கள் ‘சீ, என்ன நினைப்பு இது’ என்று தள்ளிவிட்டு நடந்துவிடுகிறார்கள். நோய் வந்தவரால் நடக்க முடிவதில்லை. என் தம்பிக்கு முதல் நிம்மதியைத் தந்தது மாத்திரை அல்ல, இந்தச் செய்தி. தான் ஒருத்தன்தான் இப்படிப்பட்ட பாவி என்று அதுவரை நினைத்திருந்தான்.

அவனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது ஆரம்பித்தது. கை வெடித்து ரத்தம் வந்ததால் முதலில் தோல் மருத்துவரிடம் போனோம். களிம்பு கொடுத்தார். அப்புறம் எங்கள் பக்கத்தில் எல்லாரும் போகிற வழிதான்: மந்திரித்துக் கயிறு, பரிகாரம், ஜாதகம். கல்லூரியை விட்டு நின்ற பிறகுதான் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்த மருத்துவர் சில நிமிடங்களிலேயே நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள். ஆனால் வெளியில் அவ்வளவு நீள வரிசை. சீட்டில் மாத்திரை எழுதி, “கை கழுவுறதைக் குறைச்சுக்கோ தம்பி” என்று சொல்லி அனுப்பினார். குறைக்க முடிந்திருந்தால் அவன் அங்கே வந்திருக்கவே மாட்டான். எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தர அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

மாத்திரையைக் குறை சொல்ல வரவில்லை. ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸமின் போன்ற மருந்துகள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் இந்த நோயில் அவற்றுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிடக் கூடுதல் அளவு பலருக்குத் தேவைப்படும். மனச்சோர்வுக்கு 20 மில்லிகிராம் ஃப்ளுவாக்ஸெடின் போதுமானதாக இருக்கும் இடத்தில், இதற்கு 60 வரையிலும், சிலருக்கு 80 வரையிலும் மருத்துவர் படிப்படியாகக் கூட்டவேண்டியிருக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் ஓரிரு வருடமாவது தொடர வேண்டும். இதை நோயாளியிடம் யார் சொல்கிறார்கள்? மூன்றாவது வாரம் வயிற்றுப் பிரட்டல்தான் மிச்சம், நோய் அப்படியே இருக்கிறது என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ‘கவர்மென்ட் மாத்திரை கேக்கல’ என்று பேராகிறது. மாத்திரைமேல் தப்பில்லை. அளவும் காலமும் போதவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காக 1994இல் தொடங்கிய நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்து மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டன. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அந்தக் கழகத்தால் இந்த மருந்துகள், கூட்டிய அளவுக்கும் போதுமான கையிருப்போடு, எந்த மாதமும் தீர்ந்துபோகாமல் மாவட்டங்களுக்குப் போய்ச் சேரும்படி செய்ய முடியும். குளோமிப்ரமின் என்ற மருந்தும் அவற்றோடு இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த நோயின் பேரைச் சொல்லியே அது இடம்பெற்றிருக்கிறது.

இனி நடத்தைப் பயிற்சிக்கு வருகிறேன். பயப்படுவதை எதிர்கொண்டு, அதன்பின் வழக்கமாகச் செய்யும் காரியத்தைச் செய்யாமல் இருப்பது. கேட்க எளிமையாகத்தான் இருக்கும். என் தம்பிக்கு மதுரையில் ஓர் உளவியலாளர் இதைச் செய்தார். தனியார். ஒவ்வொரு அமர்வுக்கும் கட்டணம், பஸ் செலவு, எனக்கு விடுப்பு. என் சம்பளம் இருந்ததால் முடிந்தது. பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து ஒரு பையன் வந்திருந்தால் இரண்டாவது அமர்வுக்கு வந்திருக்க மாட்டான்.

முதல் நாள் ஒரு நோட்டைப் போட்டு, பயங்களையெல்லாம் அவனையே வரிசைப்படுத்தச் சொன்னார். பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வீட்டு வாசல் கதவின் கைப்பிடி முப்பது. சில்லறைக் காசு ஐம்பது. பஸ் கம்பி அறுபது. பஸ் கம்பியைப் பிடித்த கையோடு டீக்கடையில் வடை தின்பது தொண்ணூறு. முப்பதிலிருந்து தொடங்கினார்கள். கைப்பிடியை அவர் முதலில் தொட்டு, அந்தக் கையாலேயே தன் முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு தம்பி. தொட்ட பிறகு கழுவக்கூடாது, வேட்டியில் துடைக்கவும் கூடாது, மனதுக்குள் ‘ஒன்றும் ஆகாது’ என்று ஜபிக்கவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதற்றத்தின் எண்ணை அவனே எழுதினான். எழுபது ஆனது. எண்பது ஆனது. அழுதான், எழுந்து போகிறேன் என்றான். அவர் கூடவே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அறுபது. பிறகு நாற்பது. கழுவாமலே அது இறங்கும் என்பதை அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் கண்டான். அதற்கடுத்து வீட்டில் தினமும் அதையே செய்தான், அப்புறம் அடுத்த எண்ணுக்குப் போனான். பொதுவாகப் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். ஓ.பி. வரிசையில் இதற்கு இடமில்லை என்பது உண்மை. அதனால்தான் இதற்கென்று தனி ஏற்பாடு கேட்கிறேன்.

வீட்டாருக்கும் இதில் பாடம் இருக்கிறது. நோயாளி தவிக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள், கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார்கள், கதவை அவர்களே போய்த் திறந்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அது நோய்க்குத் தீனி. “அக்கா, கேஸ் மூடியாச்சா? நெசமாத்தான் சொல்லுதியா?” என்று ராத்திரி கேட்டுக்கொண்டே இருப்பான். “மூடியாச்சுடே” என்று சொன்னால் பத்து நிமிடத்தில் அதே கேள்வி. “தெரியலடே, மூடியிருக்கலாம், மூடாமலும் இருக்கலாம்” என்று பதில் சொல்ல உளவியலாளர் எங்களைப் பழக்கினார். சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது அவனைவிட எங்கள் அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இதைத் திடீரென்று வீம்பாகச் செய்யக்கூடாது. நோயாளியோடு பேசி, ஒப்புக்கொண்டு, படிப்படியாகச் செய்ய வேண்டும். அதனால்தான் அமர்வுகளில் ஒன்றிரண்டாவது குடும்பத்துக்கென்று இருக்க வேண்டும் என்கிறேன்.

இந்தியாவிலேயே இந்த வைத்தியத்துக்கு முன்னோடி இருக்கிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனத்தில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையும் மருந்தையும் இந்தப் பயிற்சியையும் முதல்நிலை வைத்தியமாகவே சொல்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2005இலேயே இதைச் சொல்லிவிட்டது. ஆக, என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. யார் செய்வது என்பதில்தான் நாம் நிற்கிறோம்.

மாவட்ட மனநலத் திட்டத்துக்கு வகுத்திருக்கும் குழுவில் உளவியலாளருக்கு இடம் ஒன்றே ஒன்று. முகாம், பள்ளிப் பயிற்சி, சான்றிதழ் மதிப்பீடு, தற்கொலைத் தடுப்பு எல்லாம் அந்த ஒருவர் தலையில். அவரிடம் ஒரு நோயாளிக்கு இருபது மணி நேரம் கேட்பது நியாயம் இல்லை.

செவிலியர்களால் முடியும். இதை ஆசைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பயிற்சி பிறந்ததே அவர்கள் கையில்தான். 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் முதன்முதலாக இரண்டு நோயாளிகளுக்கு இதைச் செய்துபார்த்தபோது, குழாயை மூடி வைத்துவிட்டு மணிக்கணக்கில் கூடவே இருந்து அவர்களைக் கழுவவிடாமல் தாங்கிப் பிடித்தவர்கள் வார்டு செவிலியர்கள். 1972இல் அதே நகரத்து மாட்ஸ்லி மருத்துவமனையில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர், செவிலியர்களையே இந்தப் பயிற்சியைத் தரும் சிகிச்சையாளர்களாகப் பழக்கத் தொடங்கினார். பழகியவர்கள், மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் பெற்றதற்கு ஈடான பலனைக் காட்டினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் திறந்த ஒரு வழியை, நமக்கு மருத்துவர் தட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டே நாம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கிறோம். நார்வேயில் பெர்கன் நகரத்தில் இதே பயிற்சியை அடுத்தடுத்த நான்கு நாட்களில், சிறு குழுவாக வைத்து முடிக்கும் முறையையும் உருவாக்கியிருக்கிறார்கள். வாராவாரம் வேலையை விட்டுவிட்டு வர முடியாத நம் ஊர்க்காரர்களுக்கு அது பொருந்துமா என்று யாராவது செய்துபார்க்க வேண்டாமா? ஊரில் கொடை, திருவிழா என்றால் நான்கு நாள் லீவு போட எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மாவட்டத்துக்கு இரண்டு மனநலச் செவிலியர்களைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பயிற்சியில் கைதேர்ந்தவர்களிடம் அவர்களை அனுப்பிப் பழக்குங்கள். வகுப்பறைப் பாடம் மட்டும் போதாது. நோயாளியோடு உட்கார்ந்து, மேற்பார்வையில் கற்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு மதியம், ஓ.பி. கூட்டம் ஓய்ந்த பிறகு, ஓர் அறையை ஒதுக்குங்கள். மாவட்ட உளவியலாளர் சிக்கலான நோயாளிகளைப் பார்க்கட்டும், மற்றவர்களைச் செவிலியர்கள் பார்க்கட்டும். பழகிய செவிலியரை ஆறே மாதத்தில் பிரசவ வார்டுக்கு மாற்றிவிடாதீர்கள். நல்ல திட்டங்கள் பலவும் இங்கே இடமாற்ற ஆணையில்தான் செத்துப்போகின்றன.

பிரசவ வார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற புதிதிலும் இந்த நோய் புதிதாக வரவும் முற்றவும் வாய்ப்பு அதிகம். பச்சைக் குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ, குளிப்பாட்டும்போது அமுக்கிவிடுவோமோ என்று அந்தத் தாய்க்கு எண்ணம் வரும். அவள் நடுங்கிப்போய்க் குழந்தையைத் தொடாமலே ஒதுங்குவாள். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து வாயே திறக்க மாட்டாள். ‘பிள்ளையைத் தூக்கவே மாட்டேங்கிறா, கல் நெஞ்சுக்காரி’ என்று வீட்டில் பேச்சு. இது பிரசவத்துக்குப் பின் வரும், நிஜத்தின் பிடியே விட்டுப்போகும் மனப்பிறழ்விலிருந்து வேறு. பிறழ்வில் ஆபத்து உண்மையானது, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஓசிடியில் அந்த எண்ணத்தைக் கண்டு அஞ்சுகிறவளே அந்தத் தாய்தான். பிரித்தறிவது மருத்துவரின் வேலை என்றாலும், முதல் கேள்வியைக் கேட்கக்கூடியவர் வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர். “வேண்டாத நினைப்பு ஏதாவது வருதாம்மா? நிறைய அம்மாமாருக்கு வரும், சொல்லலாம்” என்ற ஒரு வரியை அவருடைய பிரசவத்துக்குப் பிந்தைய கேள்விகளில் சேர்க்கப் பணம் ஒன்றும் வேண்டாம்.

14416 என்ற மனநல உதவி எண்ணைப் பற்றி எங்கள் பள்ளிச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறோம். அதை எடுத்துப் பேசுகிற ஆலோசகர்களுக்கும் இந்த நோயைப் பற்றி ஒரு தனி வகுப்பு வேண்டும். ‘ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க’ என்று திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்வது மற்ற இடங்களில் சரி. இந்த நோயில் அது நோயாளியை மறுபடி மறுபடி அழைத்து அதே ஆறுதலைக் கேட்க வைத்துவிடும். ஆனால் ‘செத்துப்போகலாம் போலிருக்கு’ என்று ஓசிடி உள்ளவர் சொன்னால் அதை அவருடைய வழக்கமான புலம்பலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்த நோயில் தற்கொலை அபாயம் உண்மையாகவே அதிகம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18, அரசு நடத்தும் சேவைகளில் மனநல வைத்தியம் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. மதுரைக்கும் பெங்களூருக்கும் போக வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது புரிகிறது. இரண்டு மாவட்டங்களில் தொடங்குங்கள். அதில் ஒன்றாவது சென்னைக்கும் மதுரைக்கும் தொலைவில் இருக்கட்டும். வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் நோயின் கடுமையை அளக்கும் யேல்–பிரவுன் அளவுகோலைப் போடுங்கள். பத்தே கேள்விகள், மொத்தம் நாற்பது மதிப்பெண், பழகிய செவிலியர் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். ஒரு வருடம் கழித்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள், மதிப்பெண் எவ்வளவு இறங்கியது என்று பெயர் எதுவும் இல்லாமல் வெளியிடுங்கள். பலன் இல்லை என்றால் அதுவும் தெரியட்டும். தென்காசியைத் தேர்ந்தெடுத்தால், அங்கே வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேச நானும் தம்பியும் தயார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வருவோம்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
தென்காசி மாவட்டம்.